சுறா கடிக்கலையா? (ஒரு பி.காம். மாணவனின் கடல் கணக்கு)

மாலத்தீவு போய்விட்டு வந்ததிலிருந்து வகுப்பில் எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விதான். ஒன்று, "சுறா கடிக்கலையாடா?" இரண்டு, "மொத்தம் எவ்ளோ ஆச்சு?"

முதல் கேள்விக்கு பதில்: கடிக்கவில்லை. (கடித்திருந்தால் இதை டைப் அடிக்க கை இருந்திருக்காது.) இரண்டாவது கேள்விக்கு பதில்: மூன்று வருஷமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்து சேர்த்த காசு மொத்தமும் காலி. அது போக மாமா வீட்டில் ஓசிச் சாப்பாடு, ஓசித் தங்கல். மாமா அங்கே ஒரு தீவில் கெஸ்ட்ஹவுஸ் ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். அவர் மட்டும் இல்லையென்றால் நான் மாலத்தீவை காலண்டரில்தான் பார்த்திருப்பேன் :)

ஆனால் இதில் சொல்ல வேண்டிய விஷயம் சுறாவும் இல்லை, காசும் இல்லை. தண்ணீர். அதாவது, ஓடுகிற தண்ணீர். எங்கள் தூத்துக்குடி பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் அதை நீவாடு என்பார்கள். புத்தகத்தில் நீரோட்டம். நான் போனது அந்த நீவாடு பலமாக ஓடுகிற ஒரு இடத்துக்கு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாலத்தீவு என்பது சுமார் 1,200 குட்டித் தீவுகள். அவை 26 வளையங்களாக அமைந்திருக்கின்றன. அந்த வளையத்துக்கு அவர்கள் திவேகி மொழியில் வைத்த பெயர்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'அட்டோல்' ஆனது. ஒரு பெரிய தாம்பாளத்தைக் கடலில் மூழ்க வைத்து, அதன் விளிம்பு மட்டும் தண்ணீர் மட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு பவளப்பாறை. உள்ளே அமைதியான ஆழம் குறைந்த கடல். வெளியே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் இந்தியப் பெருங்கடல். அந்த விளிம்பில் அங்கங்கே உடைந்த மாதிரி இடைவெளிகள் இருக்கும். அதற்குப் பெயர் 'கண்டு'. அதாவது கால்வாய்.

நான் போனது வாவு அட்டோல். தலைநகர் மாலேயில் இருந்து தெற்கே ஸ்பீட் போட்டில் ஒன்றரை மணி நேரம். ஐந்தே தீவுகளில்தான் ஊர் இருக்கிறது. மாலத்தீவின் நிர்வாகப் பிரிவுகளிலேயே மக்கள் தொகை மிகக் குறைந்தது இதுதான். இதன் கிழக்கு விளிம்பில் ஒரு கால்வாய்க்கு 'மியாரு கண்டு' என்று பெயர். மியாரு என்றால் சுறா. பெயரிலேயே எச்சரிக்கை போர்டு!

இனி கொஞ்சம் பாடம். போரடித்தால் தாண்டிப் போகாதீர்கள், பின்னால் வருவதெல்லாம் இதை வைத்துத்தான்.

கடல் மட்டம் ஏறும்போது வெளிக்கடல் தண்ணீர் அட்டோலுக்குள் வர வேண்டும். இறங்கும்போது வெளியே போக வேண்டும். வளையம் முழுக்க பாறை. வழி கால்வாய் மட்டும்தான். அவ்வளவு பெரிய தாம்பாளத்தின் தண்ணீர் இந்தச் சின்னச் சின்ன வாசல்கள் வழியாகப் போய் வந்தால் என்ன ஆகும்? காலை எட்டரை மணிக்கு எங்கள் காலேஜ் கேட்தான் :) இதோடு பருவக்காற்றும் சேரும். டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று காலத்தில் பெருங்கடல் நீரோட்டம் பொதுவாக கிழக்கிலிருந்து மேற்காகப் போகும். அதனால் அந்த மாதங்களில் கிழக்குக் கால்வாய்களுக்குள் தெளிந்த பெருங்கடல் நீர் பாய்ந்து வரும். அதன் வாசலில்தான் சுறாக்கள் வந்து நிற்கும்.

ஏன் நிற்க வேண்டும்? இங்கே வருவது சாம்பல் பவளப்பாறைச் சுறா. ஆள் உயரம் இருக்கும், பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள்தான். இது பெரும்பாலும் நீந்திக்கொண்டேதான் செவுள் வழியாகத் தண்ணீரைச் செலுத்தி மூச்சு வாங்கும். கிட்டத்தட்ட ஆயுள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிற வாழ்க்கை. அப்படிப்பட்ட ஜீவனுக்கு எதிரில் இருந்து ஓடி வரும் தண்ணீர் பெரிய வரம். பிரெஞ்சு பாலினேசியாவில் ஃபகராவா என்ற அட்டோலின் தெற்குக் கால்வாயில் இதே சுறாக்களை வைத்து ஆராய்ச்சி செய்து 2021ல் கட்டுரை வெளியிட்டார்கள். பாறையில் மோதி மேலே எழும்பும் நீரோட்டத்தில் பருந்து மாதிரி இவை மிதக்கின்றனவாம். அதில் குறைந்தது 10 முதல் 15 சதவீதம் சக்தி மிச்சமாம். வரிசையின் முனைக்கு வந்த சுறா நீரோட்டத்தோடு பின்னால் மிதந்து வந்து, தொடங்கிய இடத்தில் மறுபடி வரிசையில் சேருமாம். ரேஷன் கடை வரிசையை விட ஒழுங்கு.

சரி, சுறாவுக்கு மிச்சம். மனுஷனுக்கு?

மனுஷனுக்குச் செலவு. நீரோட்டம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகும். அதை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. நமக்குத் தெரிந்த கூட்டுவட்டி எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. முதுகில் இருப்பது 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம். அதாவது 2,400 லிட்டர் காற்று. மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்கினால் இரண்டு மணி நேரம் வரும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு, அதனால் அதே காற்று அரை மணி நேரம்தான். அதுவும் அமைதியாக இருந்தால். நீரோட்டத்தை எதிர்த்து துடுப்புக் காலை உதைக்க ஆரம்பித்தால் அந்த அரை மணியும் உருகிவிடும். மாலத்தீவு சட்டப்படி பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர்தான் எல்லை. கால்வாய் வாசலின் உதடு இருப்பதும் கிட்டத்தட்ட அங்கேதான்.

இதற்கு ஒரு எளிய கருவி வைத்திருக்கிறார்கள். ரீஃப் ஹூக். ஒரு கொக்கி, ஒன்றரை மீட்டர் கயிறு, மறுமுனையை நம் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம். உயிரில்லாத பாறையில் கொக்கியை மாட்டிவிட்டு (உயிருள்ள பவளத்தில் மாட்டினால் அது உடையும், கைடு தோலை உரித்துவிடுவார்) ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்று விட்டால் பட்டம் மாதிரி தொங்கலாம். உதைக்கவே வேண்டாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

டைவிங் படித்தது பாண்டிச்சேரியில், போன வருஷம். மேற்கொண்டு 30 மீட்டர் வரை போகத் தேவையான அட்வான்ஸ்ட் கோர்ஸை வாவுவில் முடித்தேன். ஒரு வாரம் உள் கடலில் பத்து டைவ். அதற்குப் பிறகுதான் கால்வாய்க்குப் பெயர் கொடுக்கவே விட்டார்கள். எங்கள் போட்டில் ஆறு பேர். ஒரு ஜெர்மன் தம்பதி, பெங்களூர் ஐ.டி. ஆட்கள் இரண்டு பேர், நான், கைடு. போட்டின் பெயர் அங்கே 'தோணி'. ஆமாம், நம்ம தோணியேதான். தூத்துக்குடியில் இருந்து அந்தக் காலத்தில் இருந்தே மாலேக்கு சரக்குத் தோணி போகிறது. அங்கே இருந்து நமக்கு வருவது மாசிக்கருவாடு. அதனால் எனக்கு அந்த ஊர் அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை.

தோணியை ஓட்டியவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். காலை ஆறரைக்கு கால்வாய் வாசலுக்குப் போய் எஞ்சினைக் குறைத்தார். பேசவே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கைடு மாஸ்க் மட்டும் போட்டுக்கொண்டு, ஏணியில் கட்டிய கயிறு ஒன்றைப் பிடித்தபடி இறங்கினார். கயிறு சட்டென்று விறைத்தது. நீளமாக, கடலை நோக்கி. அவர் ஏறி வந்து பெரியவரிடம் திவேகியில் இரண்டு வார்த்தை சொன்னார். பெரியவர் தலையை ஆட்டி எஞ்சினை முடுக்கினார்.

அவ்வளவுதான். டைவ் ரத்து.

பெங்களூர்க்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு மாசத்துக்கு முன்பே புக் பண்ணியிருக்கிறார், மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும், 80 டைவ் அனுபவம் இருக்கிறது, எதற்கு எல்லாரையும் சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறீர்கள் என்று ஒரே சத்தம். நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. விமானத்துக்கு முன்னால் 18 மணி நேரமாவது டைவ் செய்யாமல் இருக்க வேண்டும், அதனால் அன்றைய காலைதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. எனக்கும் உள்ளுக்குள் ஏமாற்றம்தான். எத்தனை டியூஷன், எத்தனை பேலன்ஸ் ஷீட்!

கைடு குரலை உயர்த்தவே இல்லை. "சார், தண்ணி உள்ளே போனா உங்களை ஊருக்குக் கொண்டு போகும். இன்னிக்கு வெளியே போகுது. இந்தப் பக்கம் அடுத்த கரை சுமத்ரா" என்றார்.

யாரும் பேசவில்லை.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாட் வேகம் என்றால் நிமிஷத்துக்கு 60 மீட்டருக்கு மேல். மேலே வந்த பிறகு பத்து நிமிஷம் தோணி நம்மைக் கவனிக்காவிட்டால் 600 மீட்டர் தூரம். அலைக்கு நடுவே ஒரு தலை என்பது மிதக்கும் தேங்காய் மாதிரி. அந்தத் தூரத்தில் யாருக்கும் தெரியாது. அது மட்டுமில்லை, வெளியே ஓடும் தண்ணீர் விளிம்பைத் தாண்டியதும் சில சமயம் கீழ்நோக்கி இழுக்கும். நாம் விடும் குமிழ்கள் மேலே போகாமல் கீழே போகும் என்று பாடத்தில் படித்திருந்தேன். படிக்கும்போது சுவாரசியமாக இருந்தது. அந்த விறைத்த கயிற்றைப் பார்த்த பிறகு அவ்வளவு சுவாரசியம் இல்லை.

அன்றைக்கு உட்கடலில் ஒரு திலாவில் (தண்ணீருக்குள்ளேயே நிற்கும் பாறைக்குன்று) இறக்கினார்கள். ஆமை பார்த்தோம். பெங்களூர்க்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆமையைப் போட்டோ எடுத்தார்.

ராத்திரி தாத்தாவுக்கு போன் போட்டேன். தாத்தாவுக்கு 85 வயசு. இளவட்டத்தில் முத்துக் குளித்தவர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அதற்குப் பிறகு அவர் சங்குதான். சிலிண்டர் கிடையாது, ஜாக்கெட் கிடையாது. மூச்சு, கல், கயிறு. அவ்வளவுதான்.

அவர் சுறாவைப் பற்றிக் கேட்கவில்லை. "நீவாடு எப்படிலே இருக்கு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மேல கயித்தப் புடிக்கிறவன் வேண்டாம்னா வேண்டாம்தான்லே. அதுக்குத்தான் மச்சான புடிக்கச் சொல்றது" என்றார்.

எங்கள் ஊரில் இதைச் சொல்வார்கள். முத்துக் குளிக்கப் போகிறவனின் கயிற்றை மேலே பிடிப்பது மனைவியின் சகோதரனாக இருக்க வேண்டும். தன் அக்கா தங்கச்சி தாலி அறுக்க அவன் விடமாட்டான் என்ற கணக்கு. நாங்கள் இப்போது கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்று ஒரு பேப்பர் படிக்கிறோம். முடிவெடுக்கிறவனின் நலனும் முதல் போட்டவனின் நலனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார்கள். தாத்தா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அந்தக் கைடுக்கு நான் மச்சான் முறை கிடையாது. பணம் கட்டின வாடிக்கையாளர். வாடிக்கையாளரைச் சந்தோஷப்படுத்துவதுதான் லாபம் என்று தெருமுனை டீக்கடைக்குக்கூடத் தெரியும். அப்படியிருந்தும் அவர் வேண்டாம் என்றார். அன்றைக்கு அவருக்கு டிப்ஸ்கூட கிடைத்திருக்காது.

ஒரு நாள் விட்டு மறுநாள் மீண்டும் போனோம். பெரியவர் பார்த்தார். கைடு இறங்கினார். கயிறு இந்த முறை உள்பக்கமாக நீண்டது. பலமாகத்தான், ஆனால் சரியான திசையில்.

ஜாக்கெட்டில் துளிக்கூட காற்று இல்லாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். மேலே மிதந்து "ரெடியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் வாசலைத் தாண்டிவிடுவோம். விழுந்தோம், தலைகீழாக இறங்கினோம். 28 மீட்டரில் உதடு. கைடு காட்டிய பாறையில் கொக்கியை மாட்டினேன். கயிறு இழுத்துப் பிடித்தது. மாஸ்க் அதிர்ந்தது. தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் மாஸ்க்கைத் தண்ணீர் பிடுங்கிக்கொள்ளும், அதனால் நேராகவே பார்க்க வேண்டும்.

நேராகப் பார்த்தேன். நீலம். அப்புறம் அந்த நீலத்துக்குள்ளே சாம்பல் நிறத்தில் ஒன்று, மூன்று, பிறகு பத்துக்கு மேல். எண்ணுவதை விட்டுவிட்டேன். எங்களுக்கு எதிரே, எங்களைப் போலவே ஓட்டத்தைப் பார்த்தபடி, வாலை லேசாக அசைத்துக்கொண்டு நின்றன. நாங்கள் கொக்கி போட்டு, கயிறு கட்டி, காற்றை மிச்சம் பிடித்துத் தொங்குகிறோம். அவற்றுக்கு அது திண்ணையில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஒன்று பின்னுக்கு நகர்ந்து, என் பக்கமாகச் சுற்றி, மறுபடி முன்னால் போய் நின்றது. கண் தெரிந்தது. என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னை அலட்சியப்படுத்தியதில்லை.

பன்னிரண்டு நிமிஷம். கைடு சைகை காட்டினார். முதலில் ஜாக்கெட் காற்றை விட வேண்டும், அப்புறம்தான் கொக்கியைக் கழற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் பலூன் மாதிரி மேலே போய்விடுவோம். கழற்றினதும் தண்ணீர் எங்களைக் கால்வாய்க்குள் தூக்கிக்கொண்டு போனது. உதைக்கவே இல்லை. பாறையும் மீன்களும் ரயில் ஜன்னலில் போவது மாதிரி போயின. ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்று, ஆரஞ்சு நிற மிதவைக் குழலை மேலே அனுப்பி, தலையை வெளியே நீட்டினால், இருபது மீட்டர் தூரத்தில் தோணி. பெரியவர் ஏற்கெனவே அங்கே வந்து நின்றிருந்தார்.

திரும்பும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைடு மொழிபெயர்த்தார். பெரியவர் ஒரு காலத்தில் சுறா பிடித்தவராம். அதே வாசலில். அந்தத் தண்ணீரை அப்படிப் படிக்கத் தெரிந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

இங்கே நம் சப்ஜெக்ட் வருகிறது. ஆண்டர்சன், அகமது என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993ல் மாலத்தீவுச் சுறாக்களுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். பிடித்து விற்றால் ஒரு சாம்பல் சுறாவுக்குக் கிடைப்பது 32 டாலர், ஒரே ஒரு தடவை. டைவ் இடத்தில் உயிரோடு இருந்தால் அது ஈட்டித் தருவது வருஷத்துக்கு 3,300 டாலர். கிட்டத்தட்ட நூறு மடங்கு! 2010ல் மாலத்தீவு சுறாப் பிடிப்பைத் தடை செய்ததற்குப் பின்னால் இந்த மாதிரிக் கணக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் நமக்குத்தான் தெரியுமே, வரவு என்று எழுதினால் யார் கணக்கில் வரவு என்று கேட்க வேண்டும். அந்த 32 டாலர் மீனவர் கைக்கு வந்தது. 3,300 டாலர் ரிசார்ட்டுக்கும் டைவ் சென்டருக்கும் போகிறது. பெரியவரிடம் இதைக் கேட்டேன். "அப்போ வந்தது கொஞ்சம், ஆனா தோணி என்னுது. இப்போ சம்பளம்" என்றார். கொஞ்சம் கழித்து, "சம்பளம் மாசா மாசம் வருது" என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். எதை டெபிட் எதை கிரெடிட் என்று எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சுறாவைக் கொண்டு வருவதும் அதே தண்ணீர்தான், ஆளைக் கொண்டு போவதும் அதே தண்ணீர்தான். ஓட்டம் இல்லாத நாளில் வாசலில் சுறா நிற்காது. ஆபத்தைக் கழித்துவிட்டு லாபத்தை மட்டும் எடுக்கிற வழி அங்கே கிடையாது. இருப்பது திசையையும் வேகத்தையும் பார்த்துச் சொல்கிற ஆள். முடிவு முழுக்க மேலே, தோணியில் எடுக்கப்படுகிறது. கீழே போன பிறகு எடுக்க பெரிதாக ஒன்றும் மிச்சம் இல்லை. நான் கொடுத்த காசில் பெரும்பங்கு பார்த்த அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு என்று முதலில் நினைத்தேன். இப்போது ரத்து செய்த அந்தக் காலைக்குத்தான் என்று தோன்றுகிறது.

எனவே மக்களே, அந்தமானோ மாலத்தீவோ, என்றைக்காவது இப்படி ஓட்டமுள்ள இடத்துக்கு டைவ் போக ஆசைப்பட்டால், சென்டரில் விலை கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எப்போது டைவை ரத்து செய்தீர்கள்?" தேதியோடு, காரணத்தோடு பதில் வந்தால் பணத்தைக் கட்டுங்கள். "நாங்க ரத்தே பண்ண மாட்டோம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால், நல்ல மீன் குழம்புக் கடை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.